லிட்டில் இந்தியாவை ஓரத்திலிருந்து பாருங்கள்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் உள்ள லிட்டில் இந்தியாவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மார்க்கெட் தெருவின் நடுவிலேயே நின்றுவிடுகிறார்கள். புடவைக் கடை, ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு, சுடச்சுட வடை, மல்லிகைச் சரம். ‘அப்படியே நம்ம ஊர்’ என்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். நம்ம ஊரைப் பார்க்கக் கடல் கடக்க வேண்டாமே. தமிழர்கள் சீனரோடும் மலாய்க்காரரோடும் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்ந்து வளர்த்த துறைமுகப் பேட்டை இது. அந்த ஒட்டு தெரிகிற இடம் அதன் ஓரங்கள்தான். ஆகவே பிட் தெருவில் தொடங்குங்கள். இன்று அதன் பெயர் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங்.

1786-இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் இறங்கியபின் நகரத்துக்கு முதலில் போட்ட தெருக்கட்டத்தின் எல்லைகளாக அமைந்தவை லைட் தெரு, கடற்கரைத் தெரு, சூலியா தெரு, பிட் தெரு ஆகிய நான்கு. அவற்றில் ஒன்று சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களான சூலியாக்களின் பெயரைத் தாங்கியிருக்கிறது. நகரத்தோடு சேர்ந்தே தமிழரும் வேரூன்றினார்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. 1801-இல் காதர் முகைதீன் தலைமையில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு நிலம் கிடைத்தது. அதே ஆண்டில் பெட்டிலிங்கம் செட்டி பெற்ற நிலத்தில்தான் 1833-இல் மகா மாரியம்மன் கோயில் எழுந்தது. கோபுர வாசல் குயின் தெருவில். பின்பக்கம் பிட் தெருவைத் தொடுகிறது. அங்கிருந்து சற்று நடந்தால் ஊதுபத்திப் புகை சூழ்ந்த, சீனர்களின் குவான் யின் கோயில். மூன்றையும் ஒரே நடையில் பார்த்தால்தான் ஒவ்வொன்றின் அழகும் பிடிபடும்.

அடுத்து கிங் தெரு. லிட்டில் இந்தியாவுக்குள்ளேயே இருக்கும் இதில் கான்டனீயர், ஹக்கா ஆகிய சீன மக்களின் சங்கக் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. சூலியா தெருவோடு இது சேரும் மூலையில் நாகூர் ஆண்டவர் பெயரில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த தர்கா இருக்கிறது. அதன் வெளிச்சுவரை உற்றுப் பாருங்கள்: சுவரோடு சேர்த்துப் பெட்டி பெட்டியாகச் சின்னஞ்சிறு கடைகள். உள்ளே பாத்திஹா, வெளியே வியாபாரம். துறைமுகத்து மக்களின் பக்தி இப்படித்தான் இருந்தது. கடைவீடுகளின் முன்னுள்ள அஞ்சடி நடைபாதையில் மெதுவாக நடந்து, மேல்மாடியின் மரச் சட்டச் சன்னல்களை அண்ணாந்து பார்ப்பதும் அவசியம். கீழே பெயர்ப்பலகை எத்தனை முறை மாறினாலும் மேல்மாடி அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை.

‘கலப்பு, கலப்பு என்று பேசினால் தமிழர் பங்கு கரைந்துவிடாதா’ என்று கேட்கலாம். நியாயமான கவலைதான். ஆனால் பலர் கூடிய ஊரில், முதல் வரிசையில் நிலம் பெற்று, கோயிலும் பள்ளிவாசலும் எழுப்பி, வட்டித் தொழிலும் சரக்கு வணிகமும் நடத்தியவர்கள் என்பது தனித்து ஒதுங்கி வாழ்ந்தவர்கள் என்பதைவிடப் பெருமையானது. ‘இப்போது அங்கே குடியிருப்பவர் யார், எல்லாம் சுற்றுலாக் கடைதானே’ என்பது இதைவிடக் கனமான கேள்வி. வாடகைக் கட்டுப்பாடு 2000-இல் நீங்கியதும் பழைய குடும்பங்கள் பல வெளியேறின. 2008-இல் கிடைத்த யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய அங்கீகாரம் கட்டடங்களைக் காத்த அளவுக்குக் குடித்தனங்களைக் காக்கவில்லை. இது உண்மையான இழப்பு, மழுப்பக் கூடாது. ஆனாலும் குடி பெயர்ந்தவர்கள் உறவை விடவில்லை. தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியற்காலையில் பினாங்கு தெருவிலுள்ள செட்டியார்களின் கோயில் வீட்டின் முன் நில்லுங்கள். அங்கிருந்துதான் வெள்ளி ரதம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் புறப்படுகிறது. வழிநெடுகத் தேங்காய்கள் மலையாகக் குவிந்திருக்கும். முருகனுக்கு அவற்றை உடைக்கக் காத்திருப்பவர்களில் சீனர்கள் எத்தனை பேர் என்று பார்த்துக்கொண்டே ரதத்தின் பின்னால் நடங்கள்.