இருவர் பெயர், ஒருவர் முகம்: ஹிப்ஹாப் தமிழாவின் கலைப்பயணமும் உழைப்புப் பகிர்வும்

திறவுச்சொற்கள்: ஹிப்ஹாப் தமிழா, ராப், உழைப்புப் பகிர்வு, சிவகாசி, பாடல் ஆய்வு

முன்னுரை

தமிழ்த்துறை ஆய்வுகளில் திரைப்பாடலும் தனியிசைப் பாடலும் பெரும்பாலும் வரிகளாகவே வாசிக்கப்படுகின்றன. உவமை, தொன்மம், பண்பாட்டுக் கூறு எனப் பகுத்துக் காட்டியதும் ஆய்வு நிறைவுறுகிறது. ராப் இசைக்கு இம்முறை போதாது. அதில் சொல்லைத் தாங்குவது தாளம். தாளத்தை அமைப்பவர் பாடுபவரினும் வேறானவராக இருத்தல் கூடும். ஆதி, ஜீவா ஆகிய இருவர் இணைந்த ஹிப்ஹாப் தமிழாவின் கலைப்பயணத்தை, அவருள் யார் எங்கே புலப்படுகிறார், யார் மறைகிறார் என்னும் நோக்கில் இக்கட்டுரை அணுகுகிறது.

சிவகாசி தரும் நோக்கு

இந்நோக்கு விருதுநகர் மாவட்டப் பட்டாசு வட்டாரத்திலிருந்து பெறப்பட்டது. சிவகாசியின் தொழில் வரலாறு, 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவர் பெயரால் தொடங்குகிறது. ஆனால் ஒரு வெடி கடைக்கு வருமுன் குழாய் சுற்றுவோர், மருந்து கலப்போர், மருந்து செலுத்துவோர், திரி வைப்போர், பெட்டியில் அடைப்போர் எனப் பலர் கைகளைக் கடக்கிறது. பெட்டியின் மேல் நிற்பவை நிறுவனப் பெயரும் ஒரு படமும் மட்டுமே. அப்பெயர் பொய்யன்று, எனினும் உழைப்பு எவ்வாறு பகிரப்பட்டது என்பதை அது சொல்வதில்லை. 'இசை: ஹிப்ஹாப் தமிழா' என்னும் திரைத் தலைப்பு வரியும் அத்தகையதே.

பெயரும் முகமும்

2011இல் 'கிளப்புல மப்புல' பாடல் இணையத்தில் பரவியது. 2012இல் 'ஹிப்ஹாப் தமிழன்' தொகுப்பு வெளிவந்தது. 2015இல் 'ஆம்பள' வழியாக இருவரும் திரையிசைக்கு வந்து, அதே ஆண்டில் 'தனி ஒருவன்' மூலம் நிலைபெற்றனர். இதுவரை பெயர் இருவருக்கும் பொதுவானது.

2017இல் வெளியான 'மீசைய முறுக்கு' இச்சமநிலையை மாற்றியது. தம் வாழ்வைத் தழுவிய இப்படத்தை ஆதியே இயக்கி, நாயகனாகவும் நடித்தார். ஜீவா என்னும் பாத்திரத்தை விக்னேஷ்காந்த் ஏற்றார். ஒருவர் தம்மைத் தாமே நடிக்க, மற்றவர் நாயகனின் தோழனாகப் பிறரால் நடிக்கப்படுகிறார். இவ்வாறு இரட்டையரின் வரலாறு நாயகன்–தோழன் என்னும் திரைமரபுக்குள் அடங்கிவிடுகிறது. பின்னர் 'நட்பே துணை' (2019), 'நான் சிரித்தால்' (2020) ஆகிய படங்கள் ஆதியின் நாயக உருவையே வலுப்படுத்தின. திரையில் தோன்றாமை ஒரு கலைஞரின் விருப்பமாகவும் இருக்கலாம். ஆயினும் அவ்விருப்பம் திறனாய்வின் மௌனத்துக்கு நியாயமாகாது.

முகம் பெறுவது ஆதாயம் மட்டுமன்று, சுமையும் ஆகும். 'டக்கரு டக்கரு' (2016) ஏறுதழுவுதலுக்கான குரலாக ஒலித்தது. 2017 ஜனவரிப் போராட்டத்தின் இறுதிக் கட்டத்தில், தாம் விலகுவதாகக் காணொளியில் அறிவித்தவர் ஆதி. பாடல் கூட்டுப்பெயரில் வந்தது. பொறுப்போ ஒருவர் மேல் விழுந்தது.

விளியும் ஆண்பால் ஒருமையும்

'தமிழா' என்பது விளி. கேட்போர் அனைவரையும் அழைப்பது. 'தமிழன்' என்பது ஆண்பால் ஒருமை. அழைப்பில் அனைவரும் இருக்க, அடையாளத்தில் ஓர் ஆடவனே எஞ்சுகிறான். 'கிளப்புல மப்புல' பாடல் மது அருந்தும் நகரப் பெண்ணைக் காட்டிப் பண்பாட்டுச் சரிவுக்கு வருந்துகிறது. அங்குப் பெண் பண்பாட்டின் அளவுகோல், உழைப்பவள் அல்லள். பட்டாசு வட்டாரத்திலோ பெண்களே தொழிலாளருள் பெரும்பகுதியினர். 'ஹிப்ஹாப் தமிழன்' வெளிவந்த அதே 2012இல், செப்டம்பர் 5 அன்று, சிவகாசியை அடுத்த முதலிப்பட்டி வெடிவிபத்தில் 35க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இதனைப் பாடவில்லை எனக் கலைஞரைக் குற்றஞ்சாட்டுவது திறனாய்வாகாது. 'தமிழன்' என்னும் சொல் இவர்களையும் உளப்படுத்துகிறதா என வினவுவதே திறனாய்வு.

அறிவு, ஆஃப்ரோ இணைந்து வெளியிட்ட 'தெருக்குரல்' (2019) இங்கு ஒப்பிடத்தக்கது. 2018 மே 22 அன்று தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்ட இளம்பெண் ஒருவரின் பெயரையே தலைப்பாகக் கொண்ட பாடல் அதில் உண்டு. பொது அடையாளத்தினும் ஒரு தனிப்பெயர் அங்கு முந்துகிறது. எழுதியவரும் இசையமைத்தவரும் தத்தம் பெயரால் அறியப்படுவதும் கருதத்தக்கது.

முடிவுரை

ஹிப்ஹாப் தமிழா, ராப் இசையைத் தமிழ்ப் பொதுவெளியில் ஊன்றச் செய்த இணை என்பதில் ஐயமில்லை. அவ்வெற்றியின் போக்கில் இருவர் பெயர் ஒருவர் முகமாயிற்று. வரிகளை மட்டும் தரவாகக் கொள்ளும் ஆய்வு இம்மாற்றத்தைக் காண இயலாது. மாறாக, அதனையே மீண்டும் செய்கிறது. பாடல் ஆய்வுகளின் தரவுப் பட்டியலில் சொல், குரல், தாளம், ஒலிக்கலவை ஆகியவற்றுக்கு உரியோர் தனித்தனியே பதியப்பட வேண்டும். தலைப்பு வரி சொல்லாதவற்றை நேர்காணல் வழியே பெறுதல் வேண்டும். மேலட்டையைக் கடந்து கைகளைத் தேடும் இப்பயிற்சி, பட்டாசு வட்டாரக் கல்லூரிகளின் ஆய்வாளர்க்குப் புதிதன்று.