புலியும் நிலவும்: ஆயத்தக் காடுகளைப் பெண்ணாக வாசித்தல்

நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடையும் காகிதமும் வைத்து ஆடும் கதைவிளையாட்டு ஒன்று உண்டு. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அதன் தொடக்கம். ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். ஒருவர் நடுவராக இருந்து, அவர்கள் பயணம் போகும் உலகத்தைச் சொல்வார். முழுக் காட்டையும் ஒருவரே கற்பனை செய்வது பெரிய வேலை என்பதால் ஆயத்தக் காடுகள் விற்பனைக்கு வந்தன. ஜட்ஜஸ் கில்ட் நிறுவனம் 1977இல் வெளியிட்ட ‘வைல்டர்லேண்ட்ஸ் ஆஃப் ஹை ஃபேண்டசி’ இவற்றுள் முன்னோடி. அறுகோணக் கட்டங்கள் போட்ட வரைபடம், கட்டத்துக்கு ஓர் எண், எண்ணுக்கு ஒரு குறிப்பு: இங்கே சிற்றூர், இங்கே இடிந்த கோட்டை, இங்கே விலங்கின் குகை. இந்த விளையாட்டில் சந்திப்பு அட்டவணை என்றும் ஒன்று உண்டு. பகடையை உருட்டினால், வழியில் எதிர்ப்படுவது ஓநாயா கள்வரா என்று அது சொல்லிவிடும்.

தமிழ் படித்தவளுக்கு இது அந்நியமாகத் தெரியவில்லை. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் என்று நிலத்துக்கு நிலம் கருப்பொருளை வரிசைப்படுத்தி வைத்தவை நம் இலக்கணமும் உரைகளும். புலவர் எவரும் எடுத்தாளலாம். நான் வாழும் திருப்பரங்குன்றத்துக்கே அப்படி ஒரு குகைக்கதை இருக்கிறது. குதிரைமுகம் கொண்ட கற்கிமுகி என்ற பூதம் 999 பேரைக் குகையில் அடைத்து வைத்து, ஆயிரமாவது ஆளாக நக்கீரரைப் பிடித்ததாம். அவர் திருமுருகாற்றுப்படை பாடி எல்லோரையும் மீட்டாராம். ஒரு கட்டத்துக்குள் இதை எழுதிவிட்டால் ஆட்டம் தயார்.

இந்தக் காடுகளில் பெண் எங்கே என்று கேட்பது முதல் கேள்வி. 1979இல் வந்த நடுவர் கையேட்டில், கைகாக்ஸ் நகரச் சந்திப்புகளுக்குத் தந்த அட்டவணையில், பரத்தையருக்கென்று 12 வரிகள் கொண்ட ஒரு துணை அட்டவணை இருக்கிறது. அவரே எழுதிய ‘தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்’ நூலின் குகைகளில் ஆண் இத்தனை, பெண் இத்தனை, குட்டி இத்தனை என்று தலை எண்ணப்படுகிறது. விலைக்கு ஒருத்தி, இல்லையென்றால் எண்ணிக்கைக்கு ஒருத்தி. இந்தக் குறையை வாள் ஏந்திய வீராங்கனைகளைச் சேர்த்துச் சரிசெய்துவிடலாம்.

எனக்குப் பெரிதாகப் படுவது அடுத்த கேள்வி. இந்தக் காடுகள் ஓர் எல்லைக்கோட்டின் மேல் நிற்கின்றன. மதிலுக்கு உள்ளே ஓய்வு, வெளியே ஆபத்து. இந்தக் கோடு யாருடைய அனுபவத்திலிருந்து போடப்பட்டது?

அகப்பாடல்களில் இரவுக்குறி என்ற துறையைப் பாருங்கள். இரவில் மலைவழியே வரும் தலைவனிடம் தோழி சொல்கிறாள்: அந்த வழியில் புலி உண்டு, யானை உண்டு, ஆற்றில் முதலை உண்டு, வராதே. இது அவனுக்கான அட்டவணை, விளையாட்டுக்காரர்களுக்கும் பழக்கமானது. பரணர் பாடிய அகநானூறு 122ஆம் பாட்டில் தலைவிக்கான அட்டவணை இருக்கிறது. ஊர் உறங்கினால் தாய் விழித்திருப்பாள். தாய் உறங்கினால் காவலர் சுற்றுவர். அவர்கள் அயர்ந்தால் நாய் குரைக்கும். நாய் அடங்கினால் நிலவு பகலாகக் காயும். பிறகு கூகை, பிறகு சேவல். இதில் ஒரு புலிகூட இல்லை. அத்தனை ஆபத்தும் மதிலுக்கு உள்ளேயே இருக்கிறது.

இந்தப் பாடலை நடத்திய கையோடு, மலையைச் சுற்றும் சாலைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் 12 வரியில் ஒரு சந்திப்பு அட்டவணை எழுதும்படி மாணவிகளிடம் சொன்னேன். யாரும் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசிக்கவில்லை. ‘தெருவிளக்கு எரியவில்லை.’ ‘பின்னாலேயே மெதுவாக வரும் பைக்.’ ‘ஷேர் ஆட்டோவில் கடைசி ஆளாக நீ மட்டும்.’ ‘கழிப்பறை பூட்டியிருக்கிறது.’ ‘இந்நேரத்துல எங்கம்மா போற என்று கேட்கும் பெரியப்பா.’ ‘போனில் சார்ஜ் இல்லை, அம்மா கூப்பிடுகிறாள்.’ காசு கொடுத்து வாங்க வேண்டாத ஆயத்தக் காடு இது. ஒவ்வொருத்தியும் பன்னிரண்டு வயதுக்குள் மனப்பாடம் செய்திருக்கிறாள்.

எழுதியதைச் சேர்த்து வாசித்தபோதுதான் ஒரு வேறுபாடு புலப்பட்டது. விளையாட்டில் ஆபத்துப் பட்டியலைக் காட்டி யாரும் யாரையும் வீட்டில் இருக்கச் சொல்வதில்லை. கயிறு, பந்தம், கூட வர நாலு பேர் என்று ஆயத்தமாவதற்காகத்தான் அந்தப் பட்டியல். அதே பட்டியலைப் பெண்ணிடம் வாசித்தால் அது தடையுத்தரவு ஆகிவிடுகிறது. எங்கள் மாணவிகளின் களப்பயண அனுமதிக் கடிதங்கள் கையெழுத்தில்லாமல் திரும்பி வரும்போது கூடவே வரும் காரணங்கள், அவர்கள் எழுதிய அந்த 12 வரிகளேதாம். பரணரின் தலைவி தடைகளை எண்ணியது வீட்டில் அடங்கியிருப்பதற்காக அல்ல. எந்த இரவு போகலாம் என்று கணக்குப் போடுகிறாள்.

ஆகவே ஆயத்தக் காட்டின் வடிவத்தை நான் தள்ளிவிடச் சொல்லவில்லை. அதில் நமக்கு வேண்டியது ஒன்று இருக்கிறது: ஆபத்துக்குப் பக்கத்துக் கட்டத்திலேயே புதையலும் குறிக்கப்பட்டிருக்கும். அடுத்த வகுப்பில் அதே சாலைக்குப் புதையல்களை எழுதினோம். இரவு பத்துவரை திறந்திருக்கும் பூக்கடை அக்கா, தண்ணீர் கிடைக்கும் இடம், உட்கார்ந்து படிக்க நிழலுள்ள பாறை. குகைக் கட்டத்துக்கு வந்ததும் கற்கிமுகியை விட்டுவிட்டோம். 8ஆம் நூற்றாண்டில் இந்தக் குன்றின் குடைவரையில் துர்க்கைக்கும், வீட்டுக்குள் யாரும் அழைக்காத மூத்த தேவியான சேட்டைக்கும் கோயில் எடுத்த ஒரு பெண்ணின் பெயரைக் கல்வெட்டு சொல்கிறது: நக்கன் கொற்றி. அந்தப் பெயரை அங்கே எழுதினோம்.