தக்காளிக்குக் கிடைத்த சுதந்திரம்

கோவைப் பக்கம் யாரிடம் அரை மணி நேரம் பேசினாலும் இந்த வசனம் வந்துவிடும்: ‘கவர்ன்மென்ட் எங்களுக்கு ஒண்ணும் செய்ய வேண்டாமுங்க. சும்மா விட்டாப் போதும்!’ பம்ப்செட் பட்டறைக்காரர், மில் முதலாளி, தொண்டாமுத்தூரில் நாலு ஏக்கர் வைத்திருப்பவர்... எல்லோர் வாயிலும் இதேதான்.

இது ஒரு கட்சியின் கொள்கையாக இருந்தது என்பது இன்று பலருக்கு ஞாபகம் இருக்காது. 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ், கூட்டுப் பண்ணை விவசாயம் என்று தீர்மானம் போட்டது. ‘விவசாயி நிலத்தில் கை வைக்கிறார்கள்’ என்று கொதித்துப்போன ராஜாஜி, எண்பது வயதில் சுதந்திராக் கட்சியை ஆரம்பித்தார். மினு மசானியும் என்.ஜி. ரங்காவும் கூட நின்றார்கள். எதற்கெடுத்தாலும் பெர்மிட், லைசென்ஸ், கோட்டா என்று ஜனங்களை அதிகாரி வாசலில் நிற்க வைக்கும் ராஜ்யம் இது என்றார் ராஜாஜி. அதில் பொய்யே கிடையாது.

1967 தேர்தலில் சுதந்திராவுக்கு மக்களவையில் 44 இடம். நம் மாநிலத்தில் தி.மு.க.வோடு கூட்டு, சட்டசபையில் 20 இடம். ஆனால் நடந்ததைப் பாருங்கள். ராஜாஜி தோள் கொடுத்து ஏற்றிவிட்ட தி.மு.க. ஆட்சி, அதே வருஷம் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட்டது! 1952-இல் முதல்வராக இருந்து உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியவர் ராஜாஜி. அவர் கூட்டணிக்கு விழுந்த ஓட்டு, மலிவு அரிசிக்கும் சேர்த்து விழுந்த ஓட்டு. 1971-இல் மக்களவையில் 8 இடம். 1974-இல் கட்சியே வேறு கட்சியில் கரைந்தது. லைசென்ஸ் ராஜ்யத்துக்கு 1991-இல் முடிவு கட்டியது யார்? அதே காங்கிரஸ்!

சரி, ‘சும்மா விடுங்க’ என்ற கொங்கு விவசாயி என்ன செய்தார்? மின்கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி 1970-லும் 1972-லும் நாராயணசாமி நாயுடு தலைமையில் தெருவுக்கு வந்தார். மாட்டு வண்டிகள் கோவையை மறித்து நின்றன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. பிறகு எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் வந்தது. 1989-இல் வந்த கருணாநிதி ஆட்சி அதை எல்லா விவசாயிகளுக்கும் ஆக்கியது.

‘வாயில் சுதந்திரா, கையில் இலவசமா?’ என்று கிண்டலடிப்பது சுலபம். பி.காம். படித்த புத்தி, எனக்கு வரவு செலவு பார்க்காமல் இருக்க முடியாது. தொண்டாமுத்தூர்க்காரர் தக்காளி போடுகிறார், சின்ன வெங்காயம் போடுகிறார். இரண்டுக்கும் லைசென்ஸ் இல்லை, கோட்டா இல்லை, நெல்லுக்கு இருப்பதுபோல் குறைந்தபட்ச ஆதரவு விலையும் இல்லை. சுதந்திராக் கட்சி கேட்ட சந்தை, தக்காளிக்கு எப்போதோ கிடைத்தாச்சு. அப்புறம் ஏன் பறிக்கிற கூலிகூடக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டுகிறார்கள்? விலை ஏறினாலும் இறங்கினாலும் மண்டிக் கமிஷன் மட்டும் ஏன் நிற்பதில்லை? சந்தையில் கிடைக்காத நியாயத்தைத்தான் அவர் கரன்ட் பில்லில் தேடினார்.

இங்கேதான் அந்தக் கொள்கையின் ஓட்டை. அதிகாரியின் கை விவசாயியின் கழுத்தில் இருப்பதை ராஜாஜி துல்லியமாகப் பார்த்தார். தரகரின் கை அவர் பையில் இருப்பதைப் பார்க்கவில்லை. அரசாங்கம் நகர்ந்துகொண்டால் அந்த இடம் காலியாக இருக்காது. பலசாலி வந்து உட்கார்ந்துகொள்வான்.

1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையைப் பாருங்கள். கோவையில் ஆர்.எஸ்.புரத்திலும் சிங்காநல்லூரிலும் இருக்கிறது. தரகர் கிடையாது, கமிஷன் கிடையாது, காலையில் பலகையில் விலை எழுதிவிடுகிறார்கள். விவசாயி தன் சரக்கைத் தானே விற்றுக் காசை எண்ணி மடியில் கட்டுகிறார். உண்மையான சுதந்திரச் சந்தை அதுதான். நடத்துவது யார்? அரசாங்கம்!

ஆகவே, அடுத்த தடவை யாராவது ‘சும்மா விட்டாப் போதும்’ என்றால், மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: ‘யாரு சும்மா விடணுமுங்க? ஆபீசரா, மண்டிக்காரரா?’