ஐந்து வயதில் ஒரு பட்டமளிப்பு: யூகேஜி ‘கிராஜுவேஷன் டே’ பற்றிச் சில குறிப்புகள்

மார்ச், ஏப்ரல் வந்தால் வாட்ஸப் ஸ்டேட்டஸ்களில் ஒரே மாதிரி படங்கள் வரிசையாக வரும். கறுப்பு அங்கி, காதுவரை இறங்கிய சதுரத் தொப்பி, கையில் ரிப்பன் கட்டிய சுருள். யூகேஜி முடித்த குழந்தைகளின் கிராஜுவேஷன் டே. பார்க்க அழகாகத்தான் இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு சடங்கு இவ்வளவு வேகமாகப் பரவினால் அது எங்கிருந்து வந்தது, எதைக் கொண்டாடுது, யாரை வெளியே விடுது என்று தோண்டிப் பார்க்கிற புத்தி எனக்கு. ஒரு நாடகத்தை விமர்சிப்பதுபோல இந்த விழாவைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தைகளுக்கு விழா வேண்டாம் என்பதல்ல என் வாதம். இந்த விழா, முடியாத ஒன்றை முடிந்ததாகச் சொல்கிறது. உண்மையில் முடிந்ததைக் கவனிக்காமல் விடுகிறது.

உடை சொல்லும் கதை

அங்கியின் பிறந்த ஊர் ஐரோப்பா. இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் படித்தவர்களும் கற்பித்தவர்களும் பெரும்பாலும் திருச்சபையோடு தொடர்புள்ளவர்கள். குளிரான கட்டடங்களில் அவர்கள் போட்டுக்கொண்ட நீள உடைதான் காலப்போக்கில் பட்டத்தின் அடையாளமானது. ஆங்கிலேயர் காலத்துப் பல்கலைக்கழகங்களோடு அது இங்கேயும் வந்து சேர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1857-ல். இந்த உடைக்கு இங்கே எதிர்ப்பும் உண்டு. 2010-ல் போபாலில் நடந்த ஒரு பட்டமளிப்பு விழாவில், அப்போது மத்திய அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ், இது காலனிய மிச்சம் என்று சொல்லி மேடையிலேயே அங்கியைக் கழற்றினார்.

ஆனால் நம்ம யூகேஜி விழா சென்னைப் பல்கலைக்கழகத்தைப் பார்த்துச் செய்ததல்ல. தொப்பியின் குஞ்சத்தை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் மாற்றுவது, எல்லாரும் சேர்ந்து தொப்பியை மேலே வீசுவது, இதெல்லாம் அமெரிக்க வழக்கம். தொப்பி வீசுவதற்கு அங்கே ஒரு கதை சொல்வார்கள். 1912-ல் அன்னாபொலிஸ் கடற்படை அகாடமியில் படிப்பு முடித்தவர்கள் அன்றைக்கே அதிகாரிகள் ஆனார்கள். புதுத் தொப்பி வந்துவிட்டது. பயிற்சி மாணவர் தொப்பிக்கு இனி வேலையில்லை. அதனால் தூக்கி வீசினார்கள். அர்த்தமுள்ள செயல்.

நம்ம விழாவில் தொப்பி வாடகைத் தொப்பி. வீசி முடித்ததும் ஆயாம்மா ஓடி ஓடிப் பொறுக்கி எண்ணி வைக்கணும். ஒண்ணு குறைந்தால் அவங்களைத்தான் கேட்பாங்க. என் தொழில் பாஷையில் சொன்னால், இன்டர்ஃபேஸ் மட்டும் இருக்கு, உள்ளே கோடு இல்லை.

என்ன முடிந்தது?

கிண்டர்கார்ட்டன் என்ற பெயரை 1840-ல் வைத்தவர் ஜெர்மனியின் ஃப்ரெடரிக் ஃப்ரோபல். ‘குழந்தைகளின் தோட்டம்’ என்று பொருள். விளையாட்டுதான் அந்த வயதின் வேலை என்று அவர் நம்பினார். பிரஷ்ய அரசு 1851-ல் அந்தப் பள்ளிகளையே தடை செய்தது. தடை நீங்க 1860 ஆனது. அடுத்து மாண்டிசோரி. 1907-ல் ரோம் நகரில் முதல் பள்ளியைத் தொடங்கியவர், 1939-ல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பரிசும் தண்டனையும் குழந்தைக்கு வெளியிலிருந்து திணிக்கப்படுபவை, வேலையில் மூழ்கிய குழந்தைக்கு அவை தேவையில்லை என்பது அவருடைய அடிப்படைக் கருத்துகளில் ஒன்று. இன்றைக்கு வாசலில் ‘மாண்டிசோரி’ என்று போர்டு வைத்துவிட்டு மேடையில் மெடல் மாட்டுகிறவர்களைப் பார்க்கும்போது சிரிப்பு வருது.

பழைய ஆட்களை விடுங்க. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை 3 முதல் 8 வயது வரை ஒரே கட்டமாக வைக்கிறது. மூன்று வருட முன்பருவக் கல்வியும் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளும் அதில் சேர்ந்தே வருகின்றன. அந்தக் கொள்கையை ஏற்காத தமிழ்நாடு அரசு 2022-ல் கொண்டுவந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் எட்டு வயதைத்தான் இலக்காக வைத்தது. அந்த வயதுக்குள் பிள்ளைகள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் தெரிந்திருக்கணும் என்பது குறிக்கோள். மொழியிலிருந்து தேர்வு வரை சண்டை போடும் இரண்டு அரசுகளும் ஒத்துப்போகிற இடம் இது. ஐந்தரை வயதில் எதுவும் முடிவதில்லை. பாதி வழியில் நிற்கிற குழந்தைக்குத்தான் நாம் பட்டம் கொடுக்கிறோம்.

நம்ம கணக்கு வேற

நம் ஊர்ச் சடங்குகள் இந்த வயதில் எதைக் கொண்டாடின என்று பார்த்தால் எல்லாமே தொடக்கம். விஜயதசமி அன்று தாத்தா மடியிலோ ஆசிரியர் மடியிலோ உட்காரவைத்து, தட்டில் பரப்பிய அரிசியில் விரலைப் பிடித்து ‘அ’ எழுதவைப்பது. யாழ்ப்பாணத்தில் இதையே ஏடு தொடக்குதல் என்கிறார்கள். இந்திய முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் நான்கு வயதுக்கு மேல் ‘பிஸ்மில்லாஹ்’ சொல்லி ஓதத் தொடங்கும் சடங்கு உண்டு. அதற்கு ஒரு முடிவும் உண்டு. குர்ஆனை முழுக்க ஓதி முடித்த அன்று இனிப்பு கொடுத்து, ஓதிக்கொடுத்தவருக்கு மரியாதை செய்வார்கள். அங்கே முடிந்தது என்றால் நிஜமாகவே முடிந்தது. முதலிலிருந்து கடைசி வரை.

இன்னும் பழைய சாட்சி வேண்டும் என்றால் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. மாதவி ஏழு ஆண்டுகள் பயின்று பன்னிரண்டு வயதில் சோழன் அவையில் ஆடுகிறாள். தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் கிடைக்கின்றன. கழித்துப் பாருங்க: அவள் ஐந்து வயதில் ஆரம்பித்திருக்கிறாள். அந்தக் காதை அவளைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. ஆடலாசிரியன், இசையாசிரியன், குழலோன், யாழாசிரியன் என்று கூட இருந்தவர்களின் திறமையை வரிசையாகச் சொல்கிறது. கணிகையர் குலத்துச் சிறுமியை அவைமுன் நிறுத்திய அந்த ஏற்பாடு நமக்கு முன்மாதிரி இல்லை. ஆனால் ஒரு குழந்தையின் படிப்புக்குப் பின்னால் யாரெல்லாம் நிற்கிறார்கள் என்பதைச் சொல்லும் அந்த ஒழுங்கு நம்ம விழாவில் இல்லை.

மேடைக்கு முன்னால், மேடைக்குப் பின்னால்

என் மகளின் விழாவுக்குப் போயிருந்தேன். அங்கி வாடகை, போட்டோ, வீடியோ எல்லாம் சேர்த்து 900 ரூபாய். ‘விருப்பப்பட்டவர்கள் மட்டும்’ என்று சுற்றறிக்கையில் இருந்தது. விருப்பப்படாத, அல்லது முடியாத ஒரு வீட்டுப் பையன் யூனிஃபார்மில் கடைசி வரிசையில் நின்றான். அவன் பெயரையும் கூப்பிட்டார்கள், சுருளும் கொடுத்தார்கள். குரூப் போட்டோ எடுக்கும்போது போட்டோகிராஃபர் அவனை ஓரத்துக்கு நகர்த்தினார். கெட்ட எண்ணம் இருந்திருக்காது. ஃப்ரேமில் கலர் ஒட்டவில்லை, அவ்வளவுதான். என் மகள் கேட்டாள்: “அப்பா, அவன் பாஸ் ஆகலையா?”

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். பாஸ், ஃபெயில் என்ற பேச்சே இருக்கக்கூடாத வயதில், உடை அந்தக் கோட்டைப் போட்டுவிட்டது. தமிழ்நாட்டில் ஐம்பதாயிரத்துக்கும் மேல் அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. அங்கிருந்தும் வருஷா வருஷம் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறார்கள். இரண்டு பிள்ளைகளும் ஒரே வயதில், ஒரே தூரத்தைத்தான் கடந்திருக்கிறார்கள்.

மேடையில் ஒவ்வொரு குழந்தையையும் “பெரியவளாகி என்ன ஆகப்போறே?” என்று மைக்கில் கேட்டார்கள். டாக்டர், கலெக்டர், டாக்டர், பைலட், டாக்டர். எல்லாம் வீட்டில் சொல்லிக்கொடுத்த பதில்கள். ஒரு பொண்ணு மட்டும் மறந்துபோய் “நாய்க்குட்டி” என்றாள். அன்றைக்குக் கேட்ட ஒரே சொந்தப் பதில் அதுதான்.

மறுதரப்பு

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் இருக்கு, அது எங்க வீட்டுக் கூடத்திலேயே மாட்டியிருக்கு. நான் பி.இ. முடித்தபோது வேலைக்குச் சேர்ந்துவிட்டதால் பட்டமளிப்புக்குப் போகவில்லை. சான்றிதழ் தபாலில் வந்தது. எட்டாவதோடு நிறுத்தப்பட்ட என் அம்மா, பேத்தியின் அங்கிப் படத்தை ஃப்ரேம் போட்டு வைத்திருக்காங்க. “நம்ம வீட்ல முதல் கவுன் போட்டோ இதுதான்டா” என்றாங்க. படிப்பு மறுக்கப்பட்டவர்களுக்கு அந்தக் கறுப்புத் துணி வெறும் காலனிய மிச்சமல்ல; தாங்கள் ஏற முடியாத மேடை. அந்தச் சந்தோஷத்தைக் கேலி செய்ய எனக்கு உரிமையில்லை.

ஆனால் அது அம்மாவின் ஏக்கம், என் கடன். அதைச் சுமக்க ஐந்து வயதுத் தோள் எதற்கு?

உண்மையில் முடிந்தது வேறொன்று. மூன்று வயதில் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுத குழந்தை, இப்போது திரும்பிப் பார்க்காமல் உள்ளே போகிறாள். தன் முறை வரும்வரை காத்திருக்கிறாள். டிபன் பாக்ஸைத் தானே திறக்கிறாள், அடுத்த பிள்ளையுடையதையும் திறந்து கொடுக்கிறாள். இதைச் சாதிக்கவைத்தவர்கள் மிஸ்ஸும், மூக்கைத் துடைத்துவிட்ட ஆயாம்மாவும். அந்த உறவு இந்த மாதத்தோடு முடிகிறது. குழந்தைக்கு அது முதல் பிரிவு.

அப்படியென்றால் விழாவை அதற்கு நடத்தலாமே. வழக்கமான யூனிஃபார்ம் போதும். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த ஒன்றைச் செய்து காட்டட்டும். பாட்டோ, களிமண் யானையோ, சும்மா ஒரு குட்டிக்கரணமோ. சீஃப் கெஸ்ட் நாற்காலியில் ஆயாம்மா உட்காரட்டும். பிள்ளைகள் தாங்கள் வரைந்ததை அவங்க கையில் கொடுத்து “போய்ட்டு வரேன்” சொல்லட்டும். செலவு ஒரு கட்டு வெள்ளைத்தாள். அன்றைக்கு எடுக்கிற போட்டோவில் யாரையும் ஓரத்துக்கு நகர்த்த வேண்டியிருக்காது.