முடிந்த கதையும் முடியாத ஏக்கமும்

நெடுங்கதை ஒன்றைப் பல நாள் விரும்பிப் படித்தவர் அதன் இறுதிப் பக்கத்தை அடையும்போது இருவேறு உணர்ச்சிகளுக்கு ஆளாகின்றனர். முடிவை அறிந்த உவகை ஒன்று. அவ்வுலகை விட்டு நீங்கும் துயரம் மற்றொன்று. அழுகை பிறக்கும் நிலைக்களன் நான்கனுள் இழவும் ஒன்று என்பர் தொல்காப்பியர். இல்லாத உலகை இழப்பதும் இழவாகுமோ எனச் சிலர் ஐயுறலாம். ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய டோல்கீன் இயற்றிய 'தி லார்டு ஆப் தி ரிங்ஸ்' அவ்வையத்தை நீக்கும்.

'மோதிரங்களின் தலைவன்' என்று பொருள்படும் இப்பெருங்கதை, 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. தீயோன் ஒருவன் தன் ஆற்றலைப் பெய்து வைத்த மோதிரத்தை எரிமலையில் இட்டு அழிக்கப் பிரோடோ என்னும் குற்றுருவ மாந்தன், தன் தோட்டக்காரனாகிய சாமுடன் செல்கிறான். மோதிரம் அழிந்ததும் கதையை முடித்திருக்கலாம். ஆயினும் மேலும் ஆறு அதிகாரங்கள் தொடர்கின்றன. இவை மிகையெனத் தோன்றலாம், மிகையல்ல. முடிசூட்டல், பிரிவு, ஊர் திரும்பல் என ஒவ்வொன்றாகக் காட்டி, விடைபெறுவதற்குப் படிப்போரை ஆசிரியர் மெல்ல ஆயத்தப்படுத்துகிறார்.

ஊர் பிழைத்தது, ஆனால் பிரோடோவின் புண் ஆறவில்லை. தான் எழுதிய நூலை, இறுதித் தாள்கள் சில வெறுமையாக இருக்கச் சாமிடம் ஒப்படைத்துவிட்டு, அவன் கப்பலேறிக் கடல் கடக்கிறான். சாம் வீடு திரும்புகிறான். அங்கே அடுப்பில் தீ எரிகிறது; உணவு காத்திருக்கிறது; மனைவி குழந்தையை அவன் மடியில் இருத்துகிறாள். நீங்குவோன் ஒருவன், மீள்வோன் ஒருவன். படிப்பவரும் சாமைப் போலவே அன்புக்குரியோரைக் கரையில் நின்று வழியனுப்பிவிட்டுத் தம் இல்லத்திற்கு மீள்கின்றனர். ஆகவே அத்துயரம் படிப்போரின் மென்மையால் விளைந்ததன்று, நூலே விளைவித்தது.

இரண்டாம் பதிப்பின் முன்னுரையில், நூல் மிகச் சிறிது என்னும் குறையை டோல்கீன் ஒப்புக்கொண்டார். எனினும், பின்னாளில் சாம் தன் மக்களின் வினாக்களுக்கு விடை கூறுவதாக எழுதிய முடிவுரையை நூலில் சேர்க்காது விடுத்தார். அது அவர் மறைவுக்குப் பின், அவர் மைந்தர் கிறிஸ்டோபர் பதிப்பித்து 1992இல் தான் வெளிவந்தது. தொடர்ச்சியாகத் தொடங்கிய மற்றொரு கதையையும் சில பக்கங்களோடு கைவிட்டார். பிற்சேர்க்கையில் ஆண்டுக் குறிப்புகளாகச் சில செய்திகள் தந்தாரேயன்றிக் கதையை நீட்டினாரல்லர். நீட்டியிருப்பின் ஏக்கம் தணிந்திருக்கும். கப்பல் சென்ற துறையின் அமைதி கலைந்திருக்கும்.

இத்தகைய நூலை முடித்த மாணவன் வாடியிருக்கக் கண்டால், ஆசிரியர் உடனே வேறொரு நூலை நீட்ட வேண்டுவதில்லை. அவ்வாட்டம், நூல் அவன் நெஞ்சில் குடிபுகுந்தமைக்குச் சான்று. பிரோடோ விட்டுச் சென்ற வெற்றுத் தாள்கள் போலச் சில நாள் அவனுக்கும் வேண்டும்.