தனிச்சுற்றுக்கு மட்டும்

இலக்கியக் கூட்டங்களில் இப்போது ஒரு வாக்கியம் தவறாமல் கைதட்டல் வாங்குகிறது: சிற்றிதழ் சாகவில்லை, இணையத்துக்குக் குடிபோய்விட்டது. சொல்பவர் பெரும்பாலும் நாற்பதுக்குக் கீழே இருப்பார். தட்டுபவர் அறுபதைத் தாண்டியிருப்பார். முன்னவருக்கு அது வெற்றிச் செய்தி, பின்னவருக்கு ஆறுதல். இரண்டு தரப்புக்கும் இத்தனை வசதியாக இருப்பதாலேயே அந்த வாக்கியத்தின்மேல் எனக்குச் சந்தேகம். குடிபோனவர்கள் எதை மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள், எதைப் பழைய வீட்டிலேயே போட்டுவிட்டுப் போனார்கள் என்று கேட்டால் மேடையில் ஒரு நிமிடம் மௌனம், பிறகு நன்றியுரை.

மணிக்கொடி 1933 செப்டம்பரில் வந்ததும், பி.எஸ். ராமையா கையில் அது சிறுகதை ஏடானதும், க.நா.சு.வின் இலக்கிய வட்டமும், சேலத்து நடையும், 1970 அக்டோபரின் கசடதபறவும் எல்லாருக்கும் தெரிந்த வம்சாவளி. வல்லிக்கண்ணன் தீபத்தில் தொடராக எழுதி நூலாக்கிய 'தமிழில் சிறு பத்திரிகைகள்' அதை விலாவாரியாகச் சொல்லிவிட்டது. எனக்கு அந்த வம்சத்தில் ஒரே ஒரு முடிவு போதும். 1959 ஜனவரியில் எழுத்து தொடங்கியபோது சி.சு. செல்லப்பா பிரதிகளுக்கு 2000 என்று உச்சவரம்பு வைத்தார். அந்த வரம்பு அவரை ஒருநாளும் தொந்தரவு செய்யவில்லை என்பது வேறு விஷயம். ஆனால், எல்லாருக்குமான பத்திரிகை இல்லை இது என்பதைக் கூச்சமில்லாமல் முன்கூட்டியே சொன்ன கை அது. அந்தக் கைதான் 119 இதழ்களைக் கொண்டுவந்தது; எழுத்து பிரசுரத்தின் புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கியதும் அதே கைதான். பின்னாளில் நூற்றுக்கணக்கான ஏடுகள் அட்டையின் மூலையில் 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று போட்டுக்கொண்டன. பதிவுச் சட்டத்தின் தொல்லையிலிருந்து தப்பிக்கப் போட்ட வரி. அதுவே ஓர் இலக்கியக் கொள்கையாகவும் ஆனது.

சிற்றிதழின் குணத்தைத் தீர்மானித்தது இடப்பஞ்சம். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். இரண்டு ஃபாரத்துக்குத்தான் காசு என்றால் முப்பத்திரண்டு பக்கம். முப்பத்து மூன்றாவது பக்கத்துக்குள் எந்த மகாகவியும் நுழைய முடியாது. சின்ன ஊர் அச்சகத்தில் ஈய எழுத்தும் அளவாகவே இருக்கும். நாலு பக்கம் கோத்து, புரூஃப் திருத்தி, டிரெடிலில் ஓட்டி முடித்து, எழுத்துகளைக் கலைத்து மறுபடி அந்தந்த அறையில் போட்ட பிறகுதான் அடுத்த நாலு பக்கம். முகூர்த்த மாதம் வந்துவிட்டால் கல்யாணப் பத்திரிகைக்குத்தான் முதல் மரியாதை. புதுக்கவிதை ஓரமாகக் காத்துக்கிடக்கும். இப்படிப்பட்ட நெருக்கடியில் ஆசிரியர் ஒரு கதையைச் சேர்க்க வேண்டுமானால் இன்னொன்றைத் திருப்பி அனுப்பியே தீரவேண்டும். ஏன் திருப்பினேன் என்று ஒரு அஞ்சலட்டையும் எழுதியாக வேண்டும். தாமரையிலிருந்த தி.க.சி.யின் அஞ்சலட்டைகளால் எழுத்தாளரானவர்கள் தெற்கே எத்தனையோ பேர்.

கரிசலுக்கு வருவோம், இந்தக் கட்டுரையே அதற்காகத்தான். நாடு முழுவதற்குமான காலண்டரும் தீப்பெட்டி லேபிளும் வண்ணவண்ணமாக ஆஃப்செட்டில் ஓடும் சிவகாசி பக்கத்திலேயே இருக்க, கோவில்பட்டி வட்டாரத்தின் எழுத்து நெடுநாள் வெளியூர் அச்சையே நம்பியிருந்தது. இடைசெவலிலிருந்து கு. அழகிரிசாமி சென்னைக்குப் போனார். ஊரிலேயே இருந்துகொண்ட கி. ராஜநாராயணனின் 'மாயமான்' 1958இல் விஜயபாஸ்கரனின் சரஸ்வதியில் வந்தது. எழுபதுகளில் கோவில்பட்டியிலிருந்தே நீலக்குயில் வரத் தொடங்கியபோது நிலைமை மாறியது. அண்ணாமலை நடத்திய அந்த ஏட்டைப் பற்றிச் சென்னை விமர்சகர்கள் அடிக்குறிப்பில் ஒரு வரி எழுதுவார்கள். எழுத்தையும் கசடதபறவையும் பற்றி எழுதித் தீர்த்த மை மிச்சமிருந்தால். பிறகு ஜோதிவிநாயகத்தின் தேடல். எண்பதுகளின் கடைசியில் கல்குதிரை. அதன்பின் கி.ரா. தொடங்கிய கதைசொல்லி. தீப்பெட்டி ஆபீசும் கடலைமிட்டாயும் தவிர வேறொன்றும் விளையாது என்று வெளியூர்க்காரர்கள் நினைத்திருந்த ஒரு வானம் பார்த்த பூமியில் தேவதச்சன், பூமணி, சோ. தர்மன், ச. தமிழ்ச்செல்வன், கோணங்கி, கௌரிஷங்கர், சமயவேல், உதயசங்கர், அப்பாஸ் என்று ஒரே காலத்தில் இத்தனை பேர் எழுந்ததற்கு இந்த ஏடுகளும், தேவதச்சனின் நகைக்கடையில் தராசுக்குப் பக்கத்திலேயே விடியவிடிய நடந்த பேச்சும் பெரிய காரணம். 1895இன் கழுகுமலைக் கலவரத்தை ஆயிரம் பக்கத்துக்கு மேல் விரியும் 'அஞ்ஞாடி'க்குள் கொண்டுவந்து 2014இல் சாகித்திய அகாதெமி வாங்கிய பூமணிக்கும் பயிற்சிக்களம் ஐந்தாறு பக்கச் சிறுகதைதான்.

கல்குதிரையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பக்கச் சிக்கனத்தின் எதிரி. தாஸ்தாயெவ்ஸ்கிக்கு ஒரு சிறப்பிதழ், மார்க்வெஸுக்கு ஒன்று, நகுலனுக்கு ஒன்று. தடித்த தாள், நெருங்கிய எழுத்து, மூச்சுவிட ஓரம் கிடைக்காத பக்கங்கள். மாதம் தேதி கிடையாது, வரும்போது வரும். எனக்கு அதன் மொழிநடையோடு ஆயுள்காலச் சண்டை உண்டு. ஒரு வாக்கியத்தில் மூன்று உருவகம் முட்டிக்கொண்டு நிற்கும்போது அச்சுக்கோப்பவர்மேல் பரிதாபம் வரும். ஆனாலும் மார்க்வெஸின் பெயரை மேடையில் உச்சரிப்பது நாகரிகமாவதற்கு முன்பே கோவில்பட்டியிலிருந்து அவருக்கு ஒரு தொகுப்பு போட்டது எந்தப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையும் அல்ல.

கழுகுமலைக்காரனாக இங்கே ஒன்று சொல்லாமல் போக முடியாது. எங்கள் மலையில் வெட்டுவான் கோயிலைப் படமெடுத்துவிட்டு இறங்கிவிடுகிறவர்கள், பக்கத்துப் பாறையில் வரிசையாகச் செதுக்கிய சமணத் திருமேனிகளின் அடியிலுள்ள வட்டெழுத்தைப் பார்ப்பதில்லை. இன்ன ஊர் இன்னார் செய்வித்தது என்று அதில் இருக்கும். குரத்தியாரும் மாணாக்கரும் தச்சரும் குயவரும் தங்கள் பெயரில் ஆளுக்கொரு திருமேனி. எந்த அரசனும் மொத்தமாக எடுத்துச் செய்ததில்லை. ஒரு சிற்றிதழின் பின்னட்டையில் பொடி எழுத்தில் வரும் சந்தாதாரர், நன்கொடையாளர் பட்டியல் அதே சாதிப் பொருள்.

அந்தப் பட்டியல் எப்போது காணாமல் போனது என்று பார்த்தால், இணையம் வருவதற்கு முன்பே போய்விட்டது. என் வழக்கு முழுவதும் இங்கேதான் நிற்கிறது. தொண்ணூறுகளில் டிடிபி வந்தது. ஈயமும் பிரித்துப்போடும் வேலையும் ஒழிந்தன. பக்கத்தின் விலை விழுந்தது. 1988இல் சுந்தர ராமசாமி காலாண்டிதழாகத் தொடங்கி நின்றுபோன காலச்சுவடு 1994இல் புதுப் பிறவி எடுத்தது. 2003இல் உயிர்மை வந்தது. இவை 'நடுத்தர இதழ்கள்' என்று தங்களுக்குப் பெயர் சூட்டிக்கொண்டன. பளபளப்பான அட்டை, விவாதம், எதிர்விவாதம், அதற்கு எதிர்வினை, பின்னட்டையில் சொந்தப் பதிப்பகத்தின் புத்தக விளம்பரம். இந்த இதழ்கள் இல்லையென்றால் ஈழத்து எழுத்தும் தலித் எழுத்தும் மொழிபெயர்ப்பும் இத்தனை வாசகரை எட்டியிருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜனவரி புத்தகக் கண்காட்சி நெருங்க நெருங்க இதழ் விலைப்பட்டியலின் முன்னுரை மாதிரி ஆகிக்கொண்டே வந்தது. வாசகர் சந்தாதாரர் நிலையிலிருந்து வாடிக்கையாளர் நிலைக்கு இறங்கினார். பெரிய நிறுவனங்களும் ஆசைப்பட்டுப் பார்த்தன: விகடன் தடம் 2016இல் வந்து 2019இல் நின்றது. அதன் நேர்காணல்கள் நன்றாக இருந்தன. ஆனால் நஷ்டக் கணக்கைத் தாங்கிக்கொண்டு நடத்தும் பைத்தியக்காரத்தனம் ஒரு நிறுவனத்துக்கு வருமா?

இந்த நடுத்தர இதழ்களின் காலத்தில்தான் இணையம் நுழைந்தது. திண்ணை, சுஜாதா ஆசிரியராக இருந்த அம்பலம், டொராண்டோவிலிருந்து வ.ந. கிரிதரனின் பதிவுகள். அவற்றைப் படிப்பதற்கே ஒரு விரதம் இருக்க வேண்டும். அந்தந்த இதழுக்கென்று எழுத்துருவை இறக்கி நிறுவ வேண்டும். டிஸ்கி என்ற குறியாக்கத்தில் ஏற்றியது டாம் என்ற குறியாக்கத்தில் தெரியாது, டாமில் ஏற்றியது கஃபே கணினியில் தெரியாது. 1999இல் சென்னையில் மாநாடு கூட்டி டாம், டாப் என்று தரப்படுத்திய பிறகும் குழப்பம் தீர்ந்தபாடில்லை. யூனிகோடு வந்துதான் பஞ்சாயத்து முடிந்தது. முடிந்த கையோடு அதற்கு முன்பு ஏற்றியதெல்லாம் சதுரமும் கேள்விக்குறியுமாகிப் போனது. யாஹூ 2009இல் ஜியோசிட்டிஸை மூடியபோது அதில் இருந்த தமிழ்ப் பக்கங்களும் போயின. அம்பலம் இன்று இல்லை. 1933இன் மணிக்கொடியைத் தேடி எடுத்துவிடலாம். 2003இல் வலையில் வந்த ஒரு நல்ல கதையைத் தேடிப் பாருங்கள். டொமைனுக்கு ஆண்டுச் சந்தா கட்ட மறந்த ஆசிரியர் கரையானைவிட வேகமானவர்.

இதையும் மீறிச் சில இதழ்கள் சரியான மூட்டையைக் கட்டிக்கொண்டு போயின. 2009இல் தொடங்கிய சொல்வனம் எண் போட்டு, பதினைந்து நாளுக்கு ஒன்றாக, 300 இதழ்களைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறது. எண் போடுவது சின்ன விஷயம் போலத் தெரியும். எண் போட்டால் இதழ் மூட வேண்டும். மூடினால் உள்ளே எது, வெளியே எது என்று யாரோ முடிவுசெய்ய வேண்டும். மலேசியாவில் ம. நவீனின் வல்லினம் அச்சில் பிறந்து, சில ஆண்டுகளிலேயே இணையத்துக்கு மாறி, ஆசிரியரின் கறார்த்தனத்தைக் கொஞ்சமும் குறைத்துக்கொள்ளவில்லை. அதனால் பகையும் சம்பாதித்தது, அதுவும் சிற்றிதழ் மரபுதான். அறிபுனைக்கென்றே அரூ, பெண்ணெழுத்துக்கென்று நீலி, சிறப்பிதழ் போடும் தைரியத்தில் கனலி. இவற்றுக்கு எல்லை இருக்கிறது. மற்றபடி நாம் இணைய இதழ் என்று அழைக்கிற பலவும் வருகிறதையெல்லாம் அன்றன்றே ஏற்றிவிடும் குதிர்கள். முகநூலில் கதை போட்ட பத்தாவது நிமிடம் 'அருமை தோழர்' வந்துவிடுகிற காலத்தில், திருப்பி அனுப்பும் ஆசிரியருக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள். அவருக்கு இருந்த ஒரே வேலையே அதுதான்.

கடலே பார்க்காத ஊரிலிருந்து ஒரு படகுப் பத்திரிகையைப் பற்றிச் சொல்வது வேடிக்கையாக இருக்கலாம். அமெரிக்காவில் சிறிய பாய்மரப் படகு வைத்திருப்பவர்களுக்காக வந்துகொண்டிருந்த ஸ்மால் கிராஃப்ட் அட்வைசர், அச்சை நிறுத்திவிட்டு சப்ஸ்டாக்குக்கு மாறியது. விரும்புகிறவர்கள் தனிப்பட்ட முறையில் சந்தா கட்டுகிற இடம் அது. இருபது அடிக்கும் குறைந்த படகுக்காரர்களுக்கு ஒரு ஏடு வேண்டும் என்பதும், அதற்கு அவர்களே காசு கொடுக்க வேண்டும் என்பதும் கூடவே போயிற்று. நாம் எழுத்தை ஏற்றினோம், சந்தாவை ஏற்றவில்லை. தமிழ் இணைய இதழ்களில் அநேகம் யாரோ ஒருவரின் மென்பொருள் சம்பளத்தில் ஓடுகின்றன. அவருக்கு வேலை போனாலோ இரண்டாவது குழந்தை பிறந்தாலோ தமிழ் இலக்கியத்தின் ஒரு பகுதி அணைந்துவிடும்.

அச்சுக்கே திரும்புவோம் என்று சொல்லும் கட்சியிலும் நான் இல்லை. அஞ்சல்துறை 2024 டிசம்பரில் பதிவுப் புத்தக அஞ்சலை நிறுத்தியபோது, நூறு ரூபாய்ப் புத்தகத்துக்கு அனுப்பும் செலவே பாதியைத் தின்றுவிடுமோ என்று பதிப்பாளர்கள் கூப்பாடு போட்டது நியாயம். முன்னூறு பிரதி அடித்து நண்பர்களுக்கு இலவசமாகக் கொடுப்பதைச் சிற்றிதழ் இயக்கம் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. மின்னுருவின் பெரிய கொடையைப் புதிய இதழ்களில் தேடுவதும் வீண். அது பழைய இதழ்களுக்குக் கிடைத்த மறுவாழ்வில் இருக்கிறது.

பொள்ளாச்சி நசனை எத்தனை பேர் மேடையில் பெயர் சொல்கிறார்கள்? சிற்றிதழ்களைப் பற்றியே சிற்றிதழ்ச் செய்தி என்று ஓர் ஏடு நடத்தி, ஊர் ஊராக வரும் சின்னச் சின்ன ஏடுகளையெல்லாம் சேர்த்து, அவற்றைத் தன் கைக்காசில் கணினியில் ஏற்றியவர். தரம் பிரிக்காமல் சேர்த்தார் என்று குறை சொல்வார்கள். சேர்ப்பவர் தரம் பிரித்தால் ஆராய்ச்சிக்கு என்ன மிஞ்சும்? 1981இல் யாழ்ப்பாண நூலகத்தைத் தீக்குப் பறிகொடுத்துவிட்ட சமூகம் 2005இல் நூலகம் திட்டத்தைத் தொடங்கி மறுமலர்ச்சியையும் அலையையும் மல்லிகையையும் இதழ் இதழாக வலையில் வைத்துவிட்டது. இன்று கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு 1946இன் யாழ்ப்பாண ஏட்டைப் படிக்கலாம். 1976இன் கோவில்பட்டி ஏட்டை அப்படிப் படிக்க வழியில்லை.

ரோஜா முத்தையா நூலகமும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் செய்யட்டும் என்று உட்கார்ந்திருப்பது கரிசல்காரர்களுக்கு அழகல்ல. சமயவேலைப்போல வெளியூர் போய்விட்டவர்கள் வீட்டிலும், காலமானவர்களின் டிரங்குப் பெட்டியிலும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் பரணிலும் நீலக்குயிலும் தேடலும் ஒன்றும் இரண்டுமாகக் கிடக்கும். இந்த ஊர்க் காற்றின் வறட்சி தாளுக்கு நல்லது, எலிதான் பகை. பக்கத்துக்கு ஒன்றாக நிறத்தோடு ஸ்கேன் செய்ய வேண்டும், அட்டையையும் விளம்பரத்தையும் பின்னட்டைப் பட்டியலையும் விடக்கூடாது. பெயர் தெரியாத கதைக்கும் உரிமைக்காரர் வீட்டில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். ஒரு நகல் ஊரில், ஒன்று வெளியூரில், ஒன்று கடல் தாண்டி. வேலைக்கு ஆள் தீப்பெட்டி ஆபீசுகளின் கணக்கர் மேசையிலேயே கிடைப்பார்கள்; யார் வீட்டில் எந்த இதழ் இருக்கிறது என்று சொல்லக்கூடிய நான்கைந்து பேர் இன்னும் மாலையில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீ குடிக்க வருகிறார்கள்.