எவ்வளவு ஓடும்?

புதுக்கோட்டை மாவட்டத்துக் கட்டுமாவடி வழியாகப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மின்கார்களை இப்போது பார்க்க முடிகிறது. பச்சை நம்பர் பிளேட்டை வைத்துத் தூரத்திலேயே அடையாளம் தெரியும். மின்வாகனங்களுக்கு அந்த நிறம் 2018இல் ஒதுக்கப்பட்டது. அவற்றை விற்கும் விளம்பரங்களில் கார் காட்டுக்குள் நுழைகிறது, அலையோரம் நிற்கிறது, புகையே விடாத வண்டி என்று பெயர் வாங்குகிறது. கணினி விளம்பரங்களும் அதே பாதைக்கு வந்துவிட்டன. மறுசுழற்சி பிளாஸ்டிக்கில் செய்த மூடி, குறைந்த மின்சாரம், அட்டையில் செய்த பெட்டி என்று பட்டியல் போடுகின்றன. கார் ஆனாலும் கணினி ஆனாலும் கடைசியில் சொல்வது ஒன்றுதான்: பழையதை விட்டுவிட்டுப் புதியதை வாங்குங்கள், பூமிக்கு நல்லது.

இந்தப் பசுமை விளம்பரங்களை முழுப் பொய் என்று தள்ளுவது நியாயம் இல்லை. அப்படியே ஏற்பதும் சரியில்லை. ஒரு பொருள் சுற்றுச்சூழலுக்கு நல்லதா என்பதைத் தீர்மானிக்கும் கேள்வி, அது எவ்வளவு ஓடப்போகிறது என்பது. விளம்பரங்கள் அந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை. அதைக் கேட்டுப் பார்த்தால் காருக்கு ஒரு பதிலும் கணினிக்கு நேர்மாறான பதிலும் கிடைக்கின்றன.

நன்மைகளை முதலில் சொல்லிவிடலாம். மின்வண்டிக்குப் புகைக்குழாய் கிடையாது. மீன் மார்க்கெட் வாசலில் லோடு வண்டிகள் வரிசை கட்டி உறுமும் நேரத்தில், ஏலம் கேட்பவர்களும் ஐஸ் பெட்டி தூக்குபவர்களும் மீன் விற்கும் பெண்களும் டீசல் புகையைத்தான் மூச்சாக இழுக்கிறார்கள். அங்கே மின்வண்டி வந்தால் அவர்கள் நுரையீரலுக்கு உடனே கிடைக்கும் நன்மையை யாரும் மறுக்க முடியாது. இன்னொன்று, இந்த விளம்பரங்கள் பேச்சையே மாற்றியிருக்கின்றன. விலையும் மைலேஜும் மட்டும் பேசிய இடத்தில் இன்று மாசும் ஒரு கேள்வியாக நுழைந்திருக்கிறது. அவை வளர்த்த சந்தையால் தமிழ்நாட்டுக்கு வேலையும் வந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மின் ஸ்கூட்டர் தொழிற்சாலை எழுந்தது. தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை 2025 ஆகஸ்ட் 4 அன்று திறக்கப்பட்டது.

ஆனால் புகை வராத வண்டி என்பதும் மாசே இல்லாத வண்டி என்பதும் ஒன்றல்ல. இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். எல்லாம் தோராயம்தான், ஆனால் திசை காட்டப் போதுமானவை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறும். எண்ணெய் எடுப்பது, சுத்திகரிப்பது, ஏற்றி இறக்குவது எல்லாம் சேர்ந்தால் 2.8 கிலோவை நெருங்கும். லிட்டருக்கு 17 கிலோமீட்டர் தரும் கார் என்றால் கிலோமீட்டருக்கு 165 கிராம் ஆகிறது. மின்கார் குடிக்கும் மின்சாரமும் எங்கோ எரிந்துதான் வருகிறது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்து வருவதால், ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு சேர்கிறது. கம்பியிலும் சார்ஜரிலும் வீணாவதைக் கழித்தால் ஒரு யூனிட்டில் சிறிய மின்கார் 6 கிலோமீட்டர் ஓடும். அப்படியானால் கிலோமீட்டருக்கு 115 கிராம். மிச்சமாவது 50 கிராம். இது நல்ல மிச்சம்தான், ஆனால் பூஜ்ஜியம் இல்லை.

பேட்டரி செய்த செலவையும் இதில் கழிக்க வேண்டும். 30 யூனிட் கொள்ளும் பேட்டரியைச் செய்வதிலேயே இரண்டு முதல் மூன்று டன் கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. கிலோமீட்டருக்கு 50 கிராம் மிச்சம் பிடித்து இரண்டரை டன்னை ஈடுகட்ட, வண்டி 50,000 கிலோமீட்டர் ஓடியாக வேண்டும். அதற்குப் பிறகு ஓடும் தூரம்தான் உண்மையான லாபம். காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடக் கூட இந்தத் தூரம் குறையும். தமிழ்நாட்டில் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நம் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில், கமுதியில், 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016 முதல் இயங்குகிறது. காலம் மின்வண்டியின் பக்கம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டே கேட்க வேண்டும்: அந்த 50,000 கிலோமீட்டரை யார் ஓட்டுகிறார்கள்?

அறந்தாங்கிக்கும் பட்டுக்கோட்டைக்கும் கல்யாணம் காட்சிக்கு மட்டும் எடுக்கும் குடும்பக் கார் ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். அது பேட்டரியின் மாசுக் கடனை அடைக்க ஆறு ஆண்டுக்கு மேல் ஆகும். ஓடும் நிலையில் இருக்கும் பழைய காரை அதற்காகத் தள்ளிவிட்டால் பூமிக்குக் கிடைக்கும் பலன் சொற்பம். மீன் ஏற்றி நாளுக்கு 150 கிலோமீட்டர் ஓடும் லோடு வண்டி அதே தூரத்தைப் பதினொரு மாதத்தில் முடித்துவிடும். அதன் பேட்டரியும் எரிபொருள் செலவும் காரைப் போல இருக்காது, ஆனால் கணக்கின் போக்கு அதேதான். நாள் முழுதும் ஓடும் டவுன் பஸ்ஸுக்கு இது இன்னும் பொருந்தும். 2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடியில் 120 தாழ்தள மின்பேருந்துகள் ஓடத் தொடங்கின. அந்த வரிசை மணமேல்குடி, பேராவூரணி வழித்தடங்கள் வரை நீள வேண்டும்.

விளம்பரமோ பணமுள்ள குடும்பத்தின் வீட்டு வாசலைக் குறிவைக்கிறது. லோடு வண்டிக்காரரிடம் தவணை, சார்ஜ் போட இடம், உப்புக்காற்றில் பேட்டரியின் ஆயுள், புயலில் கரண்ட் போனால் என்ன வழி என்று கேள்விகள் இருக்கின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது இந்தக் கரையோர ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. அந்த நினைவு உள்ளவரிடம் வண்டியை விற்க வருகிறவர் இந்தக் கேள்விகளுக்குப் பதிலோடு வர வேண்டும். பலன் அதிகமான இடத்தில் விளம்பரம் பேசுவதில்லை, பலன் குறைவான இடத்தில் உரக்கப் பேசுகிறது. இந்த நடைமுறையின் பெரிய குறை இதுவே.

கணினிக்கு வந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். கம்பெனிகளே வெளியிடும் விவரங்களின்படி, ஒரு மடிக்கணினியின் வாழ்நாள் மாசு பெரும்பாலும் 200 முதல் 300 கிலோ. அதில் பெரும்பகுதி கடைக்கு வரும் முன்பே, சிப்பும் திரையும் செய்யும்போதே முடிந்துவிடுகிறது. செய்வதற்கு மட்டும் 200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 25 வாட் இழுக்கும் கருவியை நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓட்டினால் ஆண்டுக்கு 45 யூனிட், அதாவது 32 கிலோ. புதிய மடிக்கணினி அதில் மூன்றில் ஒரு பங்கை மிச்சப்படுத்தினாலும் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு கிலோதான். 200 கிலோவை ஈடுகட்ட ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகும். எந்த மடிக்கணினியும் அவ்வளவு காலம் உழைப்பதில்லை. ஆகவே மின்சாரம் மிச்சம் என்று சொல்லிப் புது மடிக்கணினி விற்பது நம் கணக்கில் தேறாது. மேசையில் இருப்பதை இன்னும் நான்கு ஆண்டு ஓட்டுவதே பசுமை.

தமிழ்நாட்டுக்கு இது பெரிய விஷயம். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அரைக்கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் கருவி பெற்றார்கள். கட்டுமாவடி, மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம் பக்கத்து வீடுகளில் படித்த எத்தனையோ பிள்ளைகளுக்கு வீட்டின் முதல் கணினி அதுதான். பேட்டரி உப்பிவிட்டது, ஹேங் ஆகிறது, கீல் உடைந்துவிட்டது என்று பல பீரோவுக்கு மேலே ஏறிவிட்டன. முதல் ஆண்டுகளில் வந்த 2 ஜிபி நினைவகக் கருவிகளால் இனி பெரிய வேலை நடக்காது என்பது உண்மை. பின்னால் வந்தவற்றுக்கு எஸ்எஸ்டி வட்டும் கூடுதல் ரேமும் போட்டு, எடை குறைந்த லினக்ஸ் ஏற்றினால், ஜெராக்ஸ் கடைக் கணக்குக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் தாராளமாகப் போதும். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இலேயே வந்துவிட்டது. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு போன்றவர்கள் இந்த அறிவை இலவசமாகக் கற்றுத்தருகிறார்கள்.

நன்றாக ஓடும் கருவியையே பழசாக்குவது பெரும்பாலும் மென்பொருள்தான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று நின்றது. வீட்டுப் பயனர்களுக்கு ஓராண்டு பாதுகாப்பு நீட்டிப்புக் கிடைத்தாலும், 2017க்கு முந்தைய பெரும்பாலான கணினிகளை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அதே மைக்ரோசாஃப்ட், தான் வெளியிடுவதைவிட அதிகக் கரியமிலத்தை 2030க்குள் அகற்றுவேன் என்று 2020 ஜனவரியில் உறுதி சொன்ன நிறுவனம். ஆலையில் குறைத்த மாசை, கோடிக்கணக்கான கணினிகளை ஓய்வுக்கு அனுப்பும் முடிவு மறுபடி கூட்டிவிடுகிறது. எந்தப் பசுமை அறிக்கையையும் அதே கம்பெனியின் ஆதரவுத் தேதியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

விதிவிலக்கும் இருக்கிறது. பழைய குண்டு மானிட்டரோடு 150 வாட் இழுத்துக்கொண்டு நாள் முழுக்க ஓடும் டெஸ்க்டாப் எந்தக் கடையிலாவது மிச்சம் இருந்தால், அதை மாற்றுவதே சரி. எட்டு மணி நேரம், 300 நாள் ஓடினால் ஆண்டுக்கு 360 யூனிட். அதன் இடத்தில் மடிக்கணினி வைத்தால் ஓராண்டிலேயே செய்த மாசு ஈடாகிவிடும். இங்கேயும் தீர்ப்புச் சொல்வது ஓடும் நேரம்தான்.

விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் முயற்சிகள் உலகெங்கும் நடக்கின்றன. கார் விளம்பரத்தில் பசுமை, தூய்மை போன்ற சொற்களுக்கு நார்வே 2007லேயே தடை போட்டது. பிரான்சில் 2022 மார்ச் முதல் ஒவ்வொரு கார் விளம்பரமும் நடை, சைக்கிள், பொதுப் போக்குவரத்து ஆகியவற்றைப் பரிந்துரைக்க வேண்டும். பிஎம்டபிள்யூ, எம்ஜி நிறுவனங்களின் ‘பூஜ்ஜிய மாசு’ விளம்பரங்கள் தவறாக வழிகாட்டுகின்றன என்று பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் 2024 பிப்ரவரியில் முடிவு சொன்னது. இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, ஆதாரம் இல்லாமல் பசுமை என்று சொல்லக் கூடாது என்றது. இவை அவசியம். ‘தூய டீசல்’ என்று விற்ற ஃபோக்ஸ்வாகனின் மோசடி 2015இல் அம்பலமான பிறகும் இப்படிப்பட்ட புது விதிகள் வராமல் இருந்திருந்தால்தான் வியப்பு. ஆனால் இந்த விதிகளில் பெரும்பாலானவை சொல் பொய்யா என்று சோதிக்கின்றன. உண்மையான சொல்லாலும் தவறான ஆளிடம் விற்க முடியும்.

வழி நம் வீட்டிலேயே இருக்கிறது. 2006 முதல் மின்சிக்கனப் பணியகம் ஃப்ரிட்ஜிலும் ஏசியிலும் நட்சத்திர முத்திரை ஒட்டுகிறது. ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்ற எண்ணும் அதில் இருக்கிறது. இன்று கடையில் யாரும் “எத்தனை ஸ்டார்?” என்று கேட்காமல் ஃப்ரிட்ஜ் வாங்குவதில்லை. சிக்கனத்தை எண்ணாக்கிக் கையில் கொடுத்தால் மக்கள் அதைப் பயன்படுத்துவார்கள் என்பதற்கு இதுவே சான்று. அதேபோல் மின்வண்டியின் விளம்பரத்தில், நாட்டின் சராசரி மின்சாரத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓடினால் பேட்டரியின் கடன் தீரும் என்ற எண்ணைப் போடச் சட்டம் வேண்டும். கணினிப் பெட்டியில் செய்த மாசு, மென்பொருள் ஆதரவு முடியும் ஆண்டு, பேட்டரியும் உதிரிபாகமும் கிடைக்கும் காலம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். மடிக்கணினிகளைப் பழுதுபார்க்கும் வசதிக்கு மதிப்பெண் போடுவதை பிரான்ஸ் 2021லேயே தொடங்கிவிட்டது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கருவி தருவதாகத் தமிழ்நாடு அரசு 2025 பட்ஜெட்டில் அறிவித்தது. அவ்வளவு பெரிய கொள்முதல்காரர் டெண்டரிலேயே இந்த மூன்றையும் கேட்டால், கம்பெனிகள் பதில் சொல்லியே தீர வேண்டும்.

இந்தக் கரைக்கு இதில் நேரடிப் பங்கு இருக்கிறது. அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டர் கடலை, கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. கட்டுமாவடிக் கடலும் அந்த எல்லைக்குள் வருவதுதான். கடல் சூடேறினால் முதலில் அடிபடுவது இங்குள்ள கடற்புல்லும் மீனும் மீனவர் பிழைப்பும். ஆகவே பசுமை பேசும் விளம்பரம் நமக்கு வேண்டாத விருந்தாளி அல்ல. ஆனால் அது கணக்கோடு வர வேண்டும். ஷோரூமுக்கோ கடைக்கோ போகிறவர் தன் ஓட்டத்தைச் சொல்லிக் கேட்கட்டும்: ஆண்டுக்கு நான் இவ்வளவுதான் ஓட்டுவேன், இதை மாற்றினால் மாசு குறையுமா, எத்தனை ஆண்டில்? அதற்கு எண்ணில் பதில் சொல்ல முடிகிற கம்பெனி மட்டும் தன்னைப் பசுமை என்று விளம்பரம் செய்துகொள்ளட்டும்.